வெட்கத்தால் எழுப்பிய மதில்

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரத்தை அடுத்த நீர்ப்பரப்பில் எவர், எந்த நாளில், எந்தத் துறையில் வலை கட்டலாம் என்பதைத் தீர்மானிப்பதற்கு, நடுவூர் மாதாகுப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வந்திருக்கிறது. இறால் மிகுதியாக விழும் துறையும் உண்டு. நாள் முழுவதும் நின்றாலும் கூடை நிறையாத துறையும் உண்டு. ஆதலால் கை வலுத்தவன் நல்ல துறையைத் தனக்கென்று வளைத்துக்கொண்டுவிடாதபடி, ஊர்க்கூட்டத்தில் சீட்டுப் போட்டு முறை பிரித்து, இன்று வளமான துறையில் நின்றவன் மறுமுறை வறண்ட துறைக்கு நகர்ந்தே ஆகவேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஊர்க்கட்டு கடுமையானதுதான், மீறியவனுக்கு அபராதமும் உண்டு. ஆயினும் அந்தக் கட்டை விதிக்கிறவனும் அதற்கு உட்பட்டவனே. ஊர்ப் பெரியவரின் வலையும் சீட்டு விழுந்த இடத்தில்தான் இறங்கவேண்டும்.

மனிதர் கூடி வாழும் எந்த ஸ்தாபனமும் தன் உறுப்பினரின் இச்சைக்கு ஓரளவு எல்லை கட்டித்தான் தீரும். அதனாலேயே அதைக் கொடியது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு மனிதனைக் கேள்விக்கு அப்பாற்பட்ட தெய்வமாக நிறுத்தி, விதியை அவன் இயற்ற, பிறர் மட்டுமே அதற்குப் பணிந்து நடக்க, அவனை விசாரிக்கத் தகுந்த சபை ஒன்றுகூட இல்லாமற் செய்துவிட்ட கூட்டங்களும் உலகில் உண்டு. அவற்றை வசியக் கூட்டங்கள் என்று இங்கே குறிப்பிடுவோம். அத்தகைய கூட்டம் ஒன்றின் அந்தரங்கம் வெளிப்பட்டு, அங்கே பெண்களும் சிறுவர்களும் சீரழிக்கப்பட்ட செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம், 'சாமியார் சபலத்தில் விழுந்துவிட்டார்' என்று ஜனங்கள் ஒரு வியாக்கியானம் செய்துகொண்டு மேலே போய்விடுகிறார்கள். இந்த வியாக்கியானத்தில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. காமம் அங்கே தலைவனின் பலவீனமாக மட்டும் இருப்பதில்லை. அடியார்களை ஆள்வதற்கு அவன் கையாளும் ஆயுதமாகவும் இருக்கிறது. அந்த ஆயுதம் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை உளவியல் ஆராய்ச்சிகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் ஓரளவு தெளிவாகவே காட்டியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு முதன்மையான உதாரணம் பிரேமானந்தா வழக்கு. இலங்கையின் மாத்தளையில் பிறந்து, அங்கேயே ஆசிரமம் நடத்திவந்த அவர், 1983-ஆம் ஆண்டின் இனக்கலவரத்திற்குப் பிறகு தமிழகம் வந்து, விராலிமலைக்கு அருகே பாத்திமா நகரில் விசாலமான ஆசிரமம் ஒன்றை ஸ்தாபித்தார். வெறுங்கையில் விபூதி வரவழைப்பதும், சிவராத்திரியன்று வாயிலிருந்து லிங்கம் உமிழ்வதுமாக அவருடைய கீர்த்தி கடல் கடந்தும் பரவியது. அநாதைக் குழந்தைகளை அவர் எடுத்து வளர்த்தார். அவர்களில் பலர் யுத்தத்தில் உற்றார் உறவினரை இழந்து வந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள். 1994-ஆம் ஆண்டு அங்கிருந்து தப்பி வெளியேறிய பெண்கள் வாய் திறந்தபோதுதான், அந்த மதிலுக்குள் நடந்தது வெளியே தெரியலாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் பிரேமானந்தா கைதானார். பதின்மூன்று பெண்களைப் பலாத்காரம் செய்ததாகவும், உண்மையை வெளியிடக்கூடும் என்று அஞ்சி இலங்கைப் பொறியாளர் ஒருவரைக் கொன்று ஆசிரமத்திற்குள்ளேயே புதைத்ததாகவும் தொடரப்பட்ட வழக்கில், புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிமன்றம் 1997 ஆகஸ்டில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பை வழங்கிய நீதிபதி ஆர். பானுமதி பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்தவர். உயர் நீதிமன்றம் 2002-லும் உச்ச நீதிமன்றம் 2005-லும் தண்டனையை உறுதிசெய்தன. 2011 பிப்ரவரியில் தண்டனைக் கைதியாகவே பிரேமானந்தா காலமானார்.

இவ்வழக்கைப் படிக்கிறவர் மனத்தில் எழும் முதற்கேள்வி, இத்தனை பெண்கள் இத்தனை காலம் ஏன் பேசாமலிருந்தார்கள் என்பதே. அந்தக் கேள்விக்கு விடை தேடுமுன், அவர்கள் எவ்விடத்திலிருந்து அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை ஆலோசிக்கவேண்டும். வசியக் கூட்டங்களில் சேருகிறவர்கள் மூடர்கள் என்பது தவறான எண்ணம்; ஆராய்ந்தவர்கள் கண்டது, அவர்களிற் பெரும்பாலோர் சாதாரண அறிவும் சாதாரணத்தைவிட மிகுந்த நல்லெண்ணமும் உடையவர்கள் என்பதையே. பிடி கிடைப்பது அவர்களுடைய புத்தியின் குறைவினால் அன்று, வாழ்க்கையில் நேர்ந்த ஒரு முறிவினால். மரணம், கடன், இடப்பெயர்ச்சி, வீட்டைவிட்டுப் புதிதாகப் படிக்கப் போன தனிமை முதலியவற்றால் பழைய பற்றுக்கோல் நழுவி, புதியது இன்னும் கைக்கு வராத இடைவெளியில் நிற்பவரே எளிதில் அகப்படுகிறார். பழவேற்காடு அடங்கிய அதே திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டியில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் முகாம் இருக்கிறது. ஏரிக்கரைக் குப்பங்களோ 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கண்டவை. முகத்துவாரம் மணல் மேடிட்டுத் தூர்ந்துபோனால் வருமானம் அற்றுப்போகிறவை. இத்தகைய நேரத்தில் வாசலில் வந்து நின்று, 'பிள்ளையை எங்களிடம் விடுங்கள். படிப்பும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு' என்று சொல்லும் ஒருவரை அவநம்பிக்கையோடு நோக்குவது எந்தத் தாய்க்கும் சுலபமன்று. அவ்வாறு சொல்கிறவர்களில் மெய்யான தர்மவான்களும் அநேகர் இருக்கிறார்கள் என்பதே இதிலுள்ள சங்கடம்.

உள்ளே வந்தவரிடம் முதல் நாளே யாரும் பெரியதொன்றைக் கேட்பதில்லை. ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் 1966-ல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதை விளக்கும். கலிபோர்னியாவில் சில இல்லத்தரசிகளிடம் போய், வீட்டு முகப்பையே மறைக்கும் அலங்கோலமான பெரிய விளம்பரப் பலகை ஒன்றைத் தோட்டத்தில் நட்டுக்கொள்ளச் சம்மதமா என்று நேராகக் கேட்டபோது, நூற்றுக்குப் பதினேழு பேரே இசைந்தார்கள். இரண்டு வாரங்களுக்கு முன்னால், சாலையில் கவனமாக வண்டி ஓட்டும்படி சொல்லும் சிறு அட்டை ஒன்றை மட்டும் வாங்கி ஜன்னலில் வைத்துக்கொண்டவர்களிலோ, நூற்றுக்கு எழுபத்தாறு பேர் அதே பெரிய பலகைக்கும் தலையசைத்தார்கள். சிறியதற்கு இணங்கியவர், இணங்குகிறவர் என்றே தம்மைப் பற்றி எண்ணிக்கொண்டுவிடுகிறார். வசியக் கூட்டத்திலும் இதே கிரமம்தான். முதலில் உடை மாற்றம், பிறகு புதுப் பெயர். அதன்பின் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதைக் குறைப்பது, குருவுக்குச் சரீர சேவை செய்வது, நள்ளிரவில் தனியறைக்கு அழைக்கப்படுவது என்று படிகள் ஏறிக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு படியும் முந்தியதைவிடச் சிறிதளவே உயரமாயிருப்பதால், எந்தப் படியில் 'முடியாது' என்று சொல்லியிருக்கவேண்டும் என்பது திரும்பிப் பார்க்கும்போதுகூடத் தெரிவதில்லை.

பட்ட அவமானம் வெறுப்பை விளைவிப்பதற்குப் பதிலாகப் பற்றை விளைவிப்பதும் உண்டு என்பது இன்னும் விசித்திரமானது. ஆரன்சன், மில்ஸ் என்பவர்கள் 1959-ல் கல்லூரி மாணவிகள் அறுபத்துமூன்று பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். விவாதக் குழு ஒன்றில் சேர விரும்பியவர்களிற் சிலர், அந்நிய ஆடவர் ஒருவர் முன்னிலையில் ஆபாசச் சொற்களை உரக்க வாசித்துக் காட்டவேண்டியிருந்தது, சிலருக்கு மிதமான சோதனை, சிலருக்கு ஒன்றுமேயில்லை. பிறகு எல்லோருக்கும் வேண்டுமென்றே சாரமற்றதாகத் தயாரித்த ஒரே விவாதத்தைக் கேட்கச் செய்தார்கள். கடுமையாகக் கூச வைக்கப்பட்டவர்களே அந்தச் சப்பென்ற பேச்சைச் சுவையானது என்று அதிகம் புகழ்ந்தார்கள். இவ்வளவு லஜ்ஜையைச் சகித்துக்கொண்டு நாம் அடைந்தது ஒன்றுமற்றதாக இருக்க முடியாது என்று மனம் தனக்குத் தானே வாதாடிக்கொள்கிறது. சிறிது நேரக் கூச்சத்திற்கே இத்தனை விளைவு என்றால், குடும்பத்தையும் படிப்பையும் இளமையையும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டவருக்கு அந்த வாதம் எத்தனை பலமாயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தலைவன் கையாளும் அந்த ஆயுதம் எப்போதும் காம விகாரமாகவே தோன்றும் என்று எண்ணிவிடக்கூடாது. கடுமையான பிரம்மசரியமாகவும் அது வரும். கட்டாயமான கலவியாகவும் வரும். அமெரிக்காவில் 1848-ல் ஜான் ஹம்ஃப்ரி நாயஸ் நிறுவிய ஒனைடா சமுதாயத்தில், ஆணும் பெண்ணும் ஒருவர்மீது ஒருவர் தனிப்பற்று வைப்பதே குற்றமாகக் கருதப்பட்டு, அவ்வாறு பற்று வைத்த ஜோடிகள் பிரிக்கப்பட்டார்கள். 1968-ல் டேவிட் பெர்க் தொடங்கிய 'கடவுளின் பிள்ளைகள்' என்ற கூட்டமோ, 1970-களில் தன் பெண்களையே ஆடவரைக் கவர்ந்து கூட்டத்தில் சேர்ப்பதற்கு அனுப்பியது. அவ்வழக்கம் 1987-ல்தான் கைவிடப்பட்டது. 1997-ல் முப்பத்தொன்பது பேர் ஒருங்கே உயிர்துறந்த 'சுவர்க்க வாசல்' கூட்டத்தில் தலைவரும் சில சீடர்களும் விதையடிப்பு செய்துகொண்டிருந்தார்கள். ஒன்று இன்பத்தை விலக்குகிறது, மற்றொன்று திணிக்கிறது. மேலுக்கு நேர்மாறாகத் தோன்றும் இவ்விரண்டும் சாதிப்பது ஒன்றையே. கணவனும் மனைவியும், காதலனும் காதலியும், தாயும் சேயும் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் நெருக்கம் தலைவனுக்குப் போட்டி. இருவர் கூடி மூன்றாமவர் காதில் விழாமல் பேசத் தொடங்கினால், அங்கே சந்தேகம் பேசப்படும். சந்தேகம் பேசப்பட்டால் பீடம் ஆடும். ஆகவே யார் யாரோடு சேரலாம், சேரக்கூடாது என்ற தீர்மானத்தை உறுப்பினர் கையிலிருந்து பறித்துவிட்டால், வேறு எந்தத் தீர்மானமும் அவர் கையில் மிஞ்சாது என்பதைத் தலைவர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

அடுத்தது ரகசியம். சீனத்தில் சிந்தனைச் சீர்திருத்தம் என்ற பெயரால் மனம் மாற்றப்பட்டவர்களை ஹாங்காங்கில் சந்தித்து விசாரித்த ராபர்ட் லிஃப்டன் என்ற மனநல மருத்துவர், 1961-ல் வெளியிட்ட தம் நூலில், சர்வாதிகாரச் சூழலுக்கு எட்டு லட்சணங்களை வகுத்துச் சொன்னார். அவற்றில் ஒன்று, ஓயாத பாவ அறிக்கை. அந்தரங்கத்தை எல்லாம் கொட்டிவிட்டவரிடம், அவர் கொட்டியதே பிணைப்பொருளாகிவிடுகிறது. நியூயார்க் மாநிலத்தில் கீத் ரனியேரி நடத்திய 'நெக்ஸியம்' என்ற அமைப்பின் உள்வட்டத்தில் இது ஒளிவுமறைவின்றியே செய்யப்பட்டது. உள்ளே வரும் பெண்கள் தங்கள் நிர்வாணப் படங்களையும், தம்மையோ குடும்பத்தாரையோ இழிவுபடுத்தும் வாக்குமூலங்களையும் ஈடாகக் கொடுக்கவேண்டும். விலக நினைத்தால் அவை வெளியாகும். ரனியேரிக்கு 2020 அக்டோபரில் நூற்றிருபது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. நம் நாட்டுக் கூட்டங்களுக்குப் புகைப்படம்கூட அவசியமில்லை. பெண்ணின் மானமே குடும்பத்தின் மானம் என்று கொண்டிருக்கும் சமுதாயத்தில், நடந்தது நடந்துவிட்டது என்ற செய்தி ஒன்றே போதுமான பிணை. அதைச் சொன்னால் அழிவது சொன்னவளின் கல்யாணமும் தங்கையின் கல்யாணமுமே அல்லவா? கொள்ளைபோன வீட்டுக்காரன் கூச்சலிடுகிறான்; இங்கே கொள்ளைபோனவளே கதவைச் சாத்திக்கொள்ளும்படி ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது.

'அவள் கத்தவில்லையே, போராடவில்லையே' என்று கேட்கிறவர்களுக்குச் சரீர சாஸ்திரம் ஒரு பதில் வைத்திருக்கிறது. தப்பவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்று மூளை நிச்சயித்துவிடும் கணத்தில், பல பிராணிகளுக்கு நேர்வதுபோலவே மனிதருக்கும் கைகால் விறைத்து, குரல் எழும்பாமல், பிரக்ஞை மட்டும் விழித்திருக்கும் ஒரு ஸ்தம்பிதம் ஏற்படுகிறது. ஸ்டாக்ஹோமில் பலாத்காரத்திற்கு உட்பட்டு மருத்துவமனைக்கு வந்த 298 பெண்களை ஆராய்ந்து 2017-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு எழுபது பேர் கணிசமான அளவில் இந்த விறைப்பை அநுபவித்திருந்தார்கள். இது இச்சையின் அடையாளமன்று, அச்சத்தின் அனிச்சைச் செயல். தாக்குகிறவன் தெருவில் போகும் அந்நியனாக இல்லாமல், தன்னை வளர்த்தவனாகவும் தான் தெய்வமென்று வணங்குகிறவனாகவும் இருந்தால், திகைப்போடு நன்றிக்கடனும் சேர்ந்து நாவைக் கட்டுகிறது.

ஹரியானாவின் சிர்ஸாவில் தேரா சச்சா சௌதா என்ற சமய அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் சிங் மீதான வழக்கு, இந்தக் கட்டு எத்தனை இறுக்கமானது என்பதைக் காட்டுகிறது. 2002-ல் அங்கிருந்த துறவிப் பெண் ஒருவர் பெயரிடாமல் பிரதமர் வாஜ்பாய்க்கு எழுதிய கடிதத்தில், தம் குடும்பத்தார் தலைவர்மீது கொண்டிருந்த குருட்டு பக்தியையே பெரும் துயரமாகக் குறிப்பிட்டிருந்தார். தலைவரின் நிலவறைக்கு அழைக்கப்படுவதை அங்கே 'மாஃபி', அதாவது மன்னிப்பு, என்று சொல்வார்களாம். குற்றம் செய்தவன் மன்னிப்பவனாகவும், குற்றத்திற்கு இரையானவள் பாவியாகவும் இடம் மாறிவிடுகிறார்கள். பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் தானாகவே அக்கடிதத்தை எடுத்து சி.பி.ஐ.-யிடம் ஒப்படைத்தது, தீர்ப்பு வர 2017 ஆகஸ்ட் ஆயிற்று. இருபது ஆண்டுச் சிறை விதிக்கப்பட்ட அவ்வழக்கில், குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்ன அன்று பக்தர்கள் நடத்திய கலவரத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

தீர்ப்பு வந்த பிறகும் பக்தி குறையாததற்குக் காரணத்தை, லியோன் ஃபெஸ்டிங்கர் 1950-களிலேயே கண்டார். 1954 டிசம்பர் 21-ல் பிரளயம் வரும், தங்களை மட்டும் வேற்றுக் கிரகத்தார் வந்து காப்பாற்றுவார்கள் என்று நம்பிய சிகாகோ கூட்டமொன்றில் அவருடைய குழுவினர் கலந்து கவனித்தார்கள். பிரளயம் வரவில்லை, ஆனால் வேலையையும் உடைமையையும் விட்டு வந்தவர்கள் நம்பிக்கையை விடவில்லை. தங்கள் பிரார்த்தனையினால்தான் உலகம் தப்பியது என்று முன்னைவிட ஊக்கத்தோடு பிரசாரம் செய்யத் தொடங்கினார்கள். பிரேமானந்தாவை இன்றும் நிரபராதி என்று நம்பும் பக்தர்கள் பல தேசங்களில் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவர் குற்றவாளி என்று ஒப்புக்கொண்டால், அவரை வணங்கிய தங்கள் ஆண்டுகளுக்கு அர்த்தம் என்ன என்ற கேள்வியையும் அவர்கள் எதிர்கொள்ளவேண்டியிருக்கும்.

இத்தகைய நம்பிக்கையை எதிர்த்துப் பெண்ணின் சொல் தனியாக நிற்கமுடியாது என்ற நிலையில்தான் விஞ்ஞானம் துணைக்கு வந்தது. ஆசிரமத்துப் பெண் ஒருவரின் கலைக்கப்பட்ட கருவிலிருந்து எடுத்த திசுவை, ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தி, தந்தை யார் என்பதைச் சொன்னது. பிள்ளையின் மரபணுவில் ஒரு பாதி தாயினுடையது. அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சும் பாதி தந்தையிடம் இருந்தே தீரவேண்டும் என்பதே இச்சோதனையின் ஆதாரம். எதிர்த்தரப்பு பிரிட்டனிலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்து வாதாடிப் பார்த்தும், நீதிமன்றம் ஹைதராபாத் முடிவையே ஏற்றது. எனினும், எல்லாப் பெண்களுக்கும் இத்தகைய சான்று இருப்பதில்லை என்பதை மறக்கலாகாது. மற்றவர்களுடைய வாக்கையும் வாக்கென்று மதித்துக் கேட்டதனால்தான் அந்தத் தீர்ப்பு முழுமையடைந்தது.

அதன்பின் சட்டமும் முன்னேறியிருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், சமய ஸ்தாபனத்தின் நிர்வாகியோ ஊழியரோ அங்குள்ள குழந்தையிடம் செய்யும் பலாத்காரத்தைக் கடுமையான குற்றமாகத் தனியே பிரித்துக் கூறுகிறது. தெரிந்தவர் புகார் செய்யாமலிருப்பதையும் தண்டனைக்குரியதாக்குகிறது. 2013-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தம், எதிர்த்துப் போராடவில்லை என்பதனாலேயே சம்மதித்ததாகக் கொள்ளக்கூடாது என்று தெளிவாக எழுதிவைத்தது. மேலே சொன்ன ஸ்தம்பிதத்தைச் சட்டப் புத்தகமும் ஒருவாறு ஒப்புக்கொண்டுவிட்டது எனலாம்.

ஆனால் சட்டப் புத்தகம் இருப்பது நகரத்தில்; பெண் இருப்பது குப்பத்தில். ஏரிக்கரைக் குப்பங்களின் 'பாடு' முறையிலுள்ள நியாயத்தை மெச்சும்போதே, அதன் குறையையும் சொல்லவேண்டும். அந்த ஊர்க்கூட்டத்தில் உரிமையுள்ளவர் தலைக்கட்டான ஆடவர். பெண்களுக்கு அங்கே இடமில்லை. வலைச் சண்டையை நேர்மையாகத் தீர்க்கும் அதே சபை, ஒரு சிறுமிக்கு நேர்ந்த தீங்கு என்று வந்தால், ஊர்ப்பெயர் கெடும் என்று அஞ்சி, அபராதத்தோடு மூடிவிடவும் தயங்காமற் போகலாம். இது ஏரிக்கரைக்கு மட்டும் உரியதன்று, தமிழ்நாட்டுக் கிராமங்கள் அநேகத்திற்கும் பொருந்தும். அவ்வாறு மூடும் ஒவ்வொரு முறையும், வசியக் கூட்டத்துத் தலைவன் நம்பியிருக்கும் அந்த வெட்கத்திற்கு ஊரே காவல் நிற்கிறது. பெண்ணுக்கு நேர்ந்ததை அவளுடைய களங்கமாகக் கருதும் வழக்கம் இல்லாத இடத்தில் அவனுடைய பிணைப்பொருளுக்கு விலையே இல்லை.

ஆகவே ஒரு மடத்தையோ சபையையோ பயிற்சி முகாமையோ எடைபோட விரும்புகிறவர், அங்கே போதிக்கப்படும் தத்துவத்தை ஆராய்வதைவிட, சில எளிய கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பது பயன் தரும். தலைவர் தவறினால் அவரை விசாரிப்பவர் யார்? பிள்ளையைப் பார்க்கப் பெற்றோர் நினைத்த நேரத்தில் போகலாமா, பிள்ளை தனியாக அவர்களோடு பேசலாமா? விலகிப் போனவரைப் பற்றி அங்கே எவ்விதம் பேசுகிறார்கள்? தலைவரோடு தனித்திருப்பதைப் பாக்கியம் என்று சொல்லி, அதை வெளியே சொல்லாதே என்கிறார்களா? மெய்யான துறவிக்கு இக்கேள்விகளால் ஒரு குறையும் நேராது. குழந்தைகளுக்கான 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை எட்டு வயதுப் பிள்ளையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

1994-ல் விராலிமலைக்கருகே மதிலைத் தாண்டி வந்த பெண்களின் கையில் அப்போது மரபணுச் சான்றும் இல்லை, போக்சோ சட்டமும் இல்லை. நடந்ததைச் சொல்லும் துணிவு அவர்களிடம் இருந்தது. அவர்கள் சொன்னதைப் பொய்யென்று தள்ளாமல், 'இப்படியும் நடந்திருக்கலாம்' என்று காது கொடுத்த சிலர் வெளியே இருந்தார்கள். விசாரணை, சோதனை, தீர்ப்பு எல்லாம் அதற்குப் பின் வந்தவை. அந்த முதற் செவி கிடைக்காமற் போயிருந்தால், ஹைதராபாத்தின் ஆய்வுக்கூடத்திற்கு இவ்விஷயத்தில் செய்வதற்கு வேலையே இருந்திராது.